எட்டு நிமிட ஊர்

பிப்ரவரி 9

அன்புள்ள கிளட்சுக்கு,

அத்தை எழுதுவது. நானும் மாமாவும் நலம். மாமாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துழைக்காமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீ நேரத்துக்குத் தூங்குகிறாயா, இளைத்திருக்கிறாயா என்பதை மறைக்காமல் எழுது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ எதற்கும் "சரிங்க அத்தை" என்கிறாய். வைத்த பிறகு யோசித்தால் எதற்குச் சரி சொன்னாய் என்று தெரிவதில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவள் நான். "சரிங்க மேடம்" என்று சொன்னவர்கள்தான் இதுவரை என் சுற்றுச்சுவரை இடித்திருக்கிறார்கள். ஆகவே இந்த விஷயம் முழுவதும் எழுத்தில் நடக்கட்டும்.

விஷயம் இதுதான். செப்டம்பரில் பள்ளியைப் பூட்டிவிட்டு நானும் மாமாவும் ஐரோப்பா வருகிறோம். "இத்தனை வருஷம் அடுத்தவன் வாயையே பார்த்துட்டேன், இனிமே ஊரைப் பார்க்கலாம்" என்கிறார் மாமா. பல் மருத்துவர்கள் ஓய்வுபெற்றால் இப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது.

ஊர்களின் அசல் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. மாமாவின் வாயில் நுழைந்தவை வெளியே வரவில்லை. அதனால் நாங்களே பெயர் வைத்துவிட்டோம்: கோபுர ஊர், கால்வாய் ஊர், மாளிகை ஊர், துறைமுக ஊர், மலை ஊர், மணிக்கூண்டு ஊர். ஏழாவது உன் ஊர். மொத்தம் பன்னிரண்டு நாள். இரவில் ரயிலில் தூங்கினால் பகல் மிச்சம். பள்ளியில் பாடம் போடுகிற மாதிரியே போட்டிருக்கிறேன். ஒரு ஊர் இறங்கும்போதே அடுத்த ஊர் ஏறக் காத்திருக்கும். திட்டத்தை இணைத்திருக்கிறேன். ரயில், விமானம் எல்லாம் நீ பார்த்துச் சரிசெய்து அனுப்பு.

உன் அப்பா எனக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார். நீ கட்டிய கட்டடத்தைப் படம் பிடித்து வர வேண்டுமாம், முன்னறையில் மாட்ட. வாசலில் பித்தளைப் பலகையில் "மகன்: கட்டடப் பொறியாளர், வெளிநாடு" என்று பொறித்து வைத்திருக்கிறாரே, அதோடு திருப்திப்படவில்லை. அதில் உன் பெயர் இல்லை என்று நான் சொன்னேன். "பதவி இருக்கும்போது பேர் எதுக்கு?" என்றார் என் அண்ணன்.

நீ வீட்டுக்கு வந்து நாலு வருடமாகிறது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

நம் பள்ளி வழக்கம் மாறவில்லை. சேருகிறவருக்கெல்லாம் தனித்தனி எல் பலகை. தேர்வானவர் தன் கையால் கழற்றி வீட்டுக்கு எடுத்துப்போகலாம். ஆணியில் வருடக்கணக்காகத் தொங்குவது ஒன்றே ஒன்றுதான். பின்னால் "கிளட்ச்" என்று என் கையெழுத்தில் இருக்கும். காரில் உட்கார்ந்ததும் கிளட்சை மிதித்துக்கொண்டு, காது சிவக்க, அதை விடவே மாட்டேன் என்று ஒரு பையன் அடம்பிடித்தானே, அவனுடையது. வாரம் ஒருமுறை தூசி தட்டுகிறேன்.

பதிலை எதிர்பார்த்து, ஆனால் அதிக நாள் எதிர்பார்க்காத,
அத்தை


மார்ச் 2

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம். எடை கூடவுமில்லை, குறையவுமில்லை. மாமா முழங்காலுக்கு என் விசாரிப்பைச் சொல்லுங்கள்.

நீங்கள் வருவது எனக்கு மிகவும் சந்தோஷம். உங்கள் திட்டத்தைப் படித்து முடித்ததும் கால் வலித்தது. கோபித்துக்கொள்ளாமல் கேளுங்கள். இரண்டு ஊருக்கு நடுவில் ரயில் மூன்று மணி நேரம் என்றால் அது மூன்று மணி நேரமில்லை. பெட்டி கட்ட வேண்டும், அறையைக் காலிசெய்ய வேண்டும், நிலையம் போக வேண்டும், நடைமேடையைத் தேட வேண்டும். இறங்கி அடுத்த அறையைக் கண்டுபிடித்தால், "இன்னும் தயாராகவில்லை, மதியம் வாருங்கள்" என்பார்கள். பாதி நாள் போயிருக்கும். இப்படி ஏழு ஊர் பார்த்தால் ஏழு ரயில் நிலையத்தையும் ஏழு வரவேற்பு மேசையையும்தான் பார்த்திருப்பீர்கள்.

இரவு ரயில் வேண்டாம். மாமாவுக்கு மேல்படுக்கை கிடைத்தால் அவரை இறக்க ஆள் வேண்டும். போன அன்று எதையும் பார்க்காதீர்கள், தூங்குங்கள். ஒரு ஊரில் குறைந்தது மூன்று இரவு. வந்து இறங்குகிற ஊரிலேயே திரும்ப விமானம் ஏற வேண்டும் என்று சட்டமில்லை. கோபுர ஊரில் இறங்கி, கடைசி ஊரில் ஏறிக்கொள்ளுங்கள். வந்த வழியே திரும்புகிற ஒரு நாள் மிஞ்சும். பெட்டி, நீங்களே ஒரு கையால் படியேற்றக்கூடிய அளவில் இருக்கட்டும்.

மலை ஊர், மணிக்கூண்டு ஊர், என் ஊர் மூன்றையும் எடுத்துவிட்டேன். மற்ற நாலும் அற்புதமானவை.

என் ஊரில் பார்க்க ஒன்றும் இல்லை. நான் ஒரு நாள் லீவு போட்டுக் கால்வாய் ஊருக்கு வந்து உங்களைப் பார்க்கிறேன். அப்பா கேட்ட படம் இப்போது கஷ்டம். கட்டடத்துக்குப் பழுதுவேலைக்காகத் துணி போர்த்தியிருக்கிறார்கள்.

உங்கள் உடம்பையும் மாமாவையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கிளட்ச்


மார்ச் 19

அன்புள்ள கிளட்சுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய உடல்நிலை அறிக்கை அரசாங்க அறிக்கை மாதிரி இருந்தது. படித்த பிறகும் ஒன்றும் தெரியவில்லை.

நீ சொன்னதெல்லாம் சரி. பள்ளியில் நானே சொல்வதுதான்: சந்து சந்தாக வண்டியைத் திருப்புகிறவன் ஊரைப் பார்க்க மாட்டான், திருப்பத்தைத்தான் பார்ப்பான். இரவு ரயிலை விட்டுவிட்டேன். மலையையும் மணிக்கூண்டையும் விட்டுவிட்டேன். ஆனால் அந்த இரண்டுக்கும் பின்னால் ஒளித்துவைத்து மூன்றாவதாக ஒன்றைக் கழற்றினாய் பார், அந்தக் கைவேலையை நான் கவனித்தேன்.

அதற்குப் பதில் துறைமுக ஊரை எடுத்துவிடு. கப்பல் என்னைப் பார்க்காவிட்டாலும் போகும். உன் ஊரைக் கால்வாய்க்கும் மாளிகைக்கும் நடுவில் வைத்து நாலு இரவு போடு. பார்க்க ஒன்றுமில்லை என்றால் மாமாவுக்கு மிகவும் பொருத்தம். அவர் கேட்பது ஊருக்கு ஒரு நல்ல பெஞ்சுதான். "முதுகு சாய்க்கிற பலகை இருக்கணும், புறா இருக்கக் கூடாது" என்று சொல்லியிருக்கிறார்.

உன் அப்பா வந்தார். துணி சமாச்சாரத்தைச் சொன்னேன். "எந்தத் துணியையும் ஒருநாள் எடுத்துத்தானே ஆகணும்?" என்றார். நில அளவையிலிருந்து ஓய்வுபெற்றும் டேப்பைக் கீழே வைக்காத மனிதர். முன்னறைச் சுவரை அளந்து, படம் வர வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு சதுரம் போட்டுவிட்டார். வருகிறவர்கள் எல்லோரும் அந்தச் சதுரத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. நானும் பார்த்தேன். நன்றாக இருந்தது.

சாப்பாட்டை ஒழுங்காகச் சாப்பிடு.

அத்தை


ஏப்ரல் 30

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். பதில் தாமதமானதற்கு மன்னியுங்கள். வேலை அதிகாலையில் தொடங்குகிறது. வீட்டுக்கு வந்தால் பேனா பிடிக்கத் தெம்பில்லை. வேறு குறையில்லை. மாமாவுக்கு முழங்கால் எப்படி இருக்கிறது?

என் ஊர் விஷயம். செப்டம்பரில் இங்கே ஒரு பெரிய வணிகக் கண்காட்சி. விடுதிகளில் இடமே கிடைக்காது. நிலையத்தில் லிஃப்டும் பழுது. என் அறையோ மூன்றாம் மாடி, ஒற்றைக் கட்டில், ஜன்னலைத் திறந்தால் கதவு மூடாது.

அதனால் இப்படிச் செய்திருக்கிறேன். கால்வாய் ஊரிலிருந்து மாளிகை ஊருக்கு நேர் ரயில் கிடையாது. என் ஊரில்தான் மாற வேண்டும். மாறுவதற்கு எட்டு நிமிடம். எதிர்ப்பக்கம் அதே நடைமேடை, படி ஏற வேண்டாம். அந்த எட்டு நிமிடம் என் ஊரையும் பார்த்ததாக ஆகிவிடும்.

மற்ற ஊர்களில் டிராமில் போவது நல்லது, மாமா நடக்க வேண்டாம். ஏறியதும் முதலில் கம்பியைப் பிடியுங்கள், பிறகு இருக்கையைத் தேடுங்கள். கதவு மூடியதும் கிளம்பிவிடும், யார் உட்கார்ந்தார் யார் நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மூடுகிற கதவில் குடையை நீட்டாதீர்கள். ஓடிவந்தால் கத்தாதீர்கள், கையை ஆட்டுங்கள். கத்துவது கேட்காது, கை கண்ணாடியில் தெரியும். ரொம்ப நாள் வெயிலுக்குப் பிறகு முதல் மழை பெய்தால் தண்டவாளம் சோப்புத் தேய்த்த மாதிரி இருக்கும். பிரேக் போட்டாலும் நிற்க நேரமாகும். அன்று மட்டும் குறுக்கே நடக்காதீர்கள்.

நான் கால்வாய் ஊருக்குக் கட்டாயம் வருகிறேன். லீவு கிடைத்தால்.

அன்புடன்,
கிளட்ச்


மே 12

அன்புள்ள கிளட்சுக்கு,

நலம், நலம். மாமாவுக்குப் புதிதாக ஒரு ஊன்றுகோல் வாங்கினேன். அதால் நடப்பதைவிடச் சுட்டிக்காட்டுவதுதான் அதிகம்.

உனக்கு ஒரு கதை சொல்கிறேன். போன வருடம் ஒரு வழக்கறிஞர் கற்றுக்கொள்ள வந்தார். நல்ல கை, நல்ல கண். ஆனால் ஆற்றுப்பாலம் வருவதற்கு முன்னாலேயே வண்டியைச் சந்தைப் பக்கம் திருப்பிவிடுவார். "அந்தப் பக்கம் காத்து நல்லா இருக்கு மேடம்" என்பார். இன்னொரு நாள், "அங்க ஒரு கடையில விலை விசாரிக்கணும்" என்பார். இரண்டு மாதம் நானும் அவரோடு சந்தையைச் சுற்றினேன். தேர்வன்று அதிகாரி பாலத்தின் மேல் போகச் சொன்னார். நம் ஆள் வண்டியை நிறுத்தி, இறங்கி, பாலத்துக்கு எதிராகக் கால் மணி நேரம் வாதாடினார். தோற்றார்.

கண்காட்சி, லிஃப்ட், ஜன்னல், துணி. ஒருத்தன் இத்தனை சந்து சுற்றினால் நடுவில் ஒரு பாலம் இருக்கிறது என்று அர்த்தம். நானும் மாமாவும் உட்கார்ந்து யோசித்தோம். கண்டுபிடித்துவிட்டோம்.

நீ கல்யாணம் செய்துகொண்டுவிட்டாய்.

அதற்கா இவ்வளவு? பெண் எந்த ஊர், என்ன பேச்சு, எதுவும் எங்களுக்குப் பொருட்டில்லை. மாமாவுக்கு மட்டும் ஒரே கேள்வி: "பல்லு எப்படி?" அண்ணனிடம் நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். நீ சொல்வதற்கு முன்பே வாழ்த்துகள். கைக்கடிகாரம் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன், பெண்கள் கட்டுவது.

உன் ஊரில் காலைப்பொழுது எப்படி இருக்கும் என்று மட்டும் எழுது. அந்தப் பெண் எந்தத் தெருவில் நடக்கிறாள் என்று நான் மனதில் பார்த்துக்கொள்கிறேன்.

இருவருக்கும் ஆசிகளுடன்,
அத்தை


மே 24

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நான் நலம். கல்யாணம் ஆகவில்லை. பெண் இல்லை. கைக்கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தயவுசெய்து அப்பாவிடம் எதையும் பக்குவமாகச் சொல்ல வேண்டாம். நீங்கள் பக்குவமாகச் சொன்னது மூன்று தெருவுக்குக் கேட்கும்.

என் அறையை நீங்கள் பார்க்க வேண்டாம் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. எழுதினால் நம்புவீர்களோ என்னவோ.

காலைப்பொழுதைக் கேட்டீர்கள். அது நன்றாக இருக்கும். தெருவில் முதலில் மருந்துக்கடைக்காரர் ஷட்டரைத் தூக்குவார். பாதி தூக்கியிருந்தால் நேரத்துக்கு வந்திருக்கிறோம், முழுக்கத் தூக்கியிருந்தால் தாமதம். அடுத்து பள்ளிக்கூட முனை. அங்கே குழந்தைகள் இரண்டு பக்கமும் பார்ப்பார்கள், ஆனால் ஓடிய பிறகு பார்ப்பார்கள். அதைத் தாண்டினால் சரிவு. சரிவில் இறங்கும்போது கூரைகள் எல்லாம் கீழே போய், ஊர் முழுக்க எதிரே விரியும். தண்டவாளத்தின் மேல் புறாக்கள் கடைசி நொடி வரை நகராது. பிறகு ஒரே சமயத்தில் கண்ணாடி முழுக்க இறக்கையாக இருக்கும். சரிவின் அடியில் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர். நிறுத்தத்தில்தான் நிற்கிறார், நிற்காமல் யாரும் போகப்போவதில்லை. ஆனாலும் தூரத்தில் பார்த்ததும் கையைத் தூக்கிவிடுவார், தன்னை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்று. கதவு திறந்த பிறகுதான் கையை இறக்குவார். அவரைப் பார்த்தால் எனக்கு அன்றைய நாள் நன்றாக இருக்கும்.

எழுத வந்ததைவிட அதிகமாக எழுதிவிட்டேன். எட்டு நிமிடத் திட்டத்தை ஒத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
கிளட்ச்


ஜூலை 3

அன்புள்ள கிளட்சுக்கு,

நலம். பதில் எழுத நாளாகிவிட்டது. உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு மாமாவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

கல்யாணம் இல்லை என்பதை ஏற்றுக்கொள்கிறேன். கைக்கடிகாரத்தை நானே கட்டிக்கொண்டேன்.

எட்டு நிமிடம் போதும். உன் திட்டப்படியே செய்வோம். கோபுர ஊர் மூன்று இரவு, கால்வாய் ஊர் மூன்று, மாளிகை ஊரில் மிச்சம். நடுவில் உன் ஊரில் எட்டு நிமிடம். லீவு கிடைக்காவிட்டால் பரவாயில்லை, அலைய வேண்டாம். வேலைதான் முக்கியம்.

மாமா ஒன்று கேட்கச் சொன்னார். டிராமுக்குக் கிளட்ச் உண்டா?

அத்தை


ஜூலை 21

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நலம். நீங்கள் இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதைப் பார்த்தால் உங்கள் உடல்நிலைதான் கவலையாக இருக்கிறது. இரத்த அழுத்தம் பார்த்தீர்களா?

டிக்கெட்டுகள் எல்லாம் இத்துடன். ரயிலில் கதவுப் பக்கம் இருக்கை போட்டிருக்கிறேன், இறங்க வசதி. என் ஊர் வருவதற்கு முன்பே பெட்டியை எடுத்து வையுங்கள். எதிர்ப்பக்க ரயிலில் உடனே ஏறிவிடுங்கள். நடைமேடையில் பெஞ்சு ஒன்று இருக்கும். மாமாவிடம் அதைக் காட்ட வேண்டாம்.

மாமாவுடைய கேள்விக்கு: டிராமுக்குக் கிளட்ச் கிடையாது, ஸ்டீயரிங்கும் கிடையாது. இடது கைக்கு ஒரே ஒரு பிடி. முன்னால் தள்ளினால் ஓடும், பின்னால் இழுத்தால் நிற்கும். ஆனால் இழுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சடக்கென்று இழுத்தால் நிற்கிறவர்கள் எல்லோரும் முன்னால் வந்து விழுவார்கள். நின்றதே தெரியாமல் நிற்க வேண்டும். கடைசி ஒரு கெஜத்தில் பிடியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் வண்டி மூச்சு விடுகிற மாதிரி அடங்கும். அதைக் கற்றுக்கொள்ள ஒரு குளிர்காலம் முழுக்க ஆகும்.

இதெல்லாம் தெரிந்தவர் ஒருவர் சொன்னது.

அன்புடன்,
கிளட்ச்


செப்டம்பர் 16

அன்புள்ள கிளட்சுக்கு,

உன் ஊரிலிருந்து எழுதுகிறேன். நாங்கள் ரயிலைத் தவறவிட்டோம். பயப்படாதே, நிதானமாகத்தான் தவறவிட்டோம்.

எல்லாம் நீ சொன்னபடியே இருந்தது. அதே நடைமேடை, எதிர்ப்பக்கம், கதவு திறந்த ரயில். மாமா பெஞ்சைத் தானே கண்டுபிடித்து உட்கார்ந்தார்.

"என்னங்க, ஏறலையா?"

"நீ ஏறினா நான் ஏறுறேன்."

நான் ஏறவில்லை. ரயில் எங்களை மன்னித்துவிட்டுக் கிளம்பியது. லிஃப்ட் நன்றாக வேலை செய்கிறது. விடுதியில் அறையும் கிடைத்தது. கண்காட்சி எங்கே என்று வரவேற்பில் கேட்டேன், அந்தப் பெண் ஒரு அருங்காட்சியகத்தைக் காட்டினாள்.

அவளிடம் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினேன்: மருந்துக்கடை, பள்ளிக்கூடம், சரிவு. "ஆறாம் எண்" என்று விரலால் காட்டினாள். கிளம்பிவிட்டோம்.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். உன் சாக்குகளுக்கு நடுவில் ஒரு பாலம் இருப்பது எனக்கு மே மாதமே தெரியும். என்ன பாலம் என்பதைத்தான் தப்பாகக் கணக்குப் போட்டேன். உன் காலைப்பொழுதைப் படித்தபோது சரியாகிவிட்டது. டிராமில் பயணம் செய்கிறவன் பக்கத்து ஜன்னல் வழியாகத்தான் தெருவைப் பார்ப்பான். கடை பக்கவாட்டில் வந்து பின்னால் போகும். நீ எழுதிய தெருவில் எல்லாமே எதிரே வருகிறது. புறா, குழந்தை, பெரியவர், ஊர், எல்லாம் உன்னை நோக்கி. முன்கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து சோறு தின்கிறவள் நான், எனக்கா தெரியாது?

முதல் வண்டியில் ஒரு அம்மாள். நன்றாக ஓட்டினாள். இரண்டாவதில் தாடிக்காரர் ஒருவர், வளைவில் அவசரம். மூன்றாவதில் ஏறி முன்னால் போய் உட்கார்ந்தோம். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு காது தெரிந்தது. அந்தக் காதைப் பக்கத்து இருக்கையிலிருந்து எத்தனை மாதம் பார்த்திருக்கிறேன்.

"டேய்னு கூப்பிடட்டுமா?" என்றார் மாமா.

"ஓட்டுநர்கிட்ட பேசக் கூடாதுன்னு போர்டு இருக்கு."

"அது இந்த ஊர் பாஷையில இல்ல இருக்கு."

"படம் போட்டிருக்காங்க இல்ல? உட்காருங்க."

இரண்டு முறை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை போய் வந்தோம். சரிவில் இறங்கினாய். அடியில் கோட்டுப் பெரியவர் கையைத் தூக்கினார். மாலையிலும் வருவார் என்று நீ எழுதவில்லை. வண்டி நின்றது எனக்குத் தெரியவில்லை. கதவு திறந்ததால் தெரிந்தது. வாசல் சரியாக அவருக்கு நேரே இருந்தது. அவர் கையை இறக்கினார். மாமா தூங்கிக்கொண்டிருந்தார், தலை ஆடவில்லை. உன் காது சிவக்கவே இல்லை.

கிளட்சையும் ஸ்டீயரிங்கையும் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு வண்டி செய்திருக்கிறார்கள். உனக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது.

இறங்கிய பிறகு தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு படம் எடுத்தேன். நீ ஏறுகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாய். முன்கண்ணாடியில் வானம், அதற்குள் நீ. துணி எதுவும் போர்த்தவில்லை. உன் அப்பாவுக்கு இந்தப் படத்தைத்தான் கொண்டுபோவேன். கையில் வேறு படமில்லை. அது என்ன படம் என்று அவரிடம் சொல்ல வேண்டியவள் நானில்லை. அதை நீ எழுது. எழுதினேன் என்று நீ சொல்லும் வரை படம் என் மேசைக்குள் இருக்கும்.

இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் உன் டிப்போவில் கொடுத்துவிட்டுப் போகிறேன். பொட்டலத்தில் இருப்பது உன்னுடையது. ஆணியிலிருந்து நீதான் கழற்ற வேண்டும் என்பது வழக்கம். ஆணியைக் கொண்டுவர முடியவில்லை, அதனால் இந்த ஒருமுறை நான் கழற்றினேன்.

நாளை முழுக்க ஆறாம் எண் கடைசி நிறுத்தத்தில் உட்கார்ந்திருப்போம். அங்கே பெஞ்சு இருக்கிறது, முதுகு சாய்க்கலாம். மாளிகை ஊருக்கு மறுநாள்தான் ரயில். நீ வந்து பேசலாம். வராவிட்டால் மாமாவுக்குக் கால் நீட்ட இடம் கிடைக்கும். நல்லா இரு.

அத்தை


அக்டோபர் 5

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நீங்கள் இருவரும் நலமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். எனக்கு ஒரே குறை, தாடை வலிக்கிறது. அன்று பெஞ்சுக்கு வந்தபோது என்னென்னவோ சொல்ல நினைத்துக்கொண்டு வந்தேன். மாமா எதையும் சொல்ல விடாமல், "வாயைத் திற" என்றார். நான் திறந்தேன். "டாக்டர்கிட்ட போய் மூணு வருஷம் ஆகுது, இல்ல?" என்றார். அதற்குமேல் மறைக்க ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அவர் சொன்ன பல்லைப் போன வாரம் பிடுங்கினேன்.

நான் வேலை பார்த்த கட்டட அலுவலகத்தை மூடியும் மூன்று வருடம்தான். வேறு வேலைக்கு நேர்காணல் போய்க்கொண்டிருந்தேன், டிராமில். ஓட்டுநர்கள் தேவை என்று அந்த டிராமுக்குள்ளேயே எழுதியிருந்தது. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன். அப்பாவுக்கு எழுத உட்காரும்போதெல்லாம் அந்தப் பித்தளைப் பலகை முன்னால் வந்து நிற்கும்.

இப்போது எழுதிவிட்டேன். போன திங்கட்கிழமை தபாலில் சேர்த்தேன். மேசையைத் திறக்கலாம்.

அவருக்கு ஒரு பயணத்திட்டமும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன். நீங்கள் ஒருமுறை பார்த்து, வேகம் சரியா என்று சொல்ல வேண்டும். ஏப்ரல், குளிர் விட்ட பிறகு. ஒரே ஊர், பத்து நாள். வந்த அன்று தூக்கம். மறுநாளும் ஓய்வு. மூன்றாம் நாள், ஆறாம் எண், முன் இருக்கை. அதற்குப் பிறகு நான் எதுவும் போடவில்லை. இரண்டாம் மாடியில் வேறு அறை பார்த்துவிட்டேன். ஜன்னலும் கதவும் தனித்தனியாகத் திறக்கும்.

அவருக்கு என் ஊரில் இறங்க மனமில்லாமல் போகலாம். அப்படியானால் நீங்கள் பார்த்த மூன்று ஊரை அவரும் பார்க்கட்டும். திட்டத்தின் அடியில் அதையும் எழுதியிருக்கிறேன்: கால்வாய் ஊரிலிருந்து மாளிகை ஊருக்குப் போகும்போது ரயில் மாறுகிற எட்டு நிமிடம், நான் நடைமேடையில் சீருடையோடு நிற்பேன். பார்த்துவிட்டு ஏறிக்கொள்ளலாம். பேசவும் வேண்டாம்.

எதுவானாலும் நான் இதை விடப்போவதில்லை, அத்தை.

எல் பலகையை டிப்போ மேலாளர் என்னவென்று கேட்டார். பட்டம் என்றேன்.

அன்புடன்,
உங்கள் மாணவன்


நவம்பர் 8

அன்புள்ள கிளட்சுக்கு,

நாங்கள் நலம். பல்லைப் பிடுங்கியதில் மாமாவுக்குப் பரம திருப்தி.

உன் கடிதம் வந்து மூன்று வாரம் உன் அப்பா யாரோடும் பேசவில்லை. படத்தை நான் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் பார்த்தால் வாசலில் பித்தளைப் பலகை இல்லை. "பாலீஷ் போடணும்" என்றார். உனக்கு எழுதவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

நேற்று, பாடம் நடந்துகொண்டிருக்கும்போது பள்ளிக்கு வந்தார். இந்தப் பள்ளி தொடங்கியதிலிருந்து அவர் உள்ளே வந்தது இதுதான் முதல் தடவை. படத்தை என் மேசைமேல் வைத்தார். ஓரத்தில் பென்சில் கோடு இருந்தது. அளந்து பார்த்திருக்கிறார்.

"இதுல ஸ்டீயரிங் எங்க இருக்கு?"

"இல்லண்ணா."

"கிளட்சு?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் இவன் உட்கார்ந்துகிட்டு என்னதான் பண்றான்?"

"நிறுத்துறாண்ணா. யாரும் கீழே விழாம."

அவர் படத்தைத் திரும்பவும் பார்த்தார். வெளியே ஒரு மாணவி வண்டியைப் பின்னால் எடுத்து என் சுவரைத் தொட்டாள். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு சட்டைப் பையிலிருந்து உன் திட்டத்தை எடுத்துப் பிரித்தார். மேலேயிருந்து படித்துக்கொண்டே வந்து, கடைசி வரியில், எட்டு நிமிடம் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தார். வெகுநேரம் அதை அங்கிருந்து எடுக்கவில்லை.

"நீதானே அவனுக்கு லெட்டர் எழுதறே?" என்றார். "எட்டு நிமிஷம் பத்தாதுன்னு எழுது."

எழுதிவிட்டேன்.

அத்தை